சுகமாகும் முன்னே சொன்ன நன்றி

உங்கள் அப்பா எனக்குக் கால் ஒடிந்த வருசம் உங்களுக்கு ஓர்மை இருக்கும் மக்களே. ஆனால் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபிறகு நம்ம வீட்டில் பகல் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன். எட்டாம் கிளாஸோடு கடலுக்குப் போனவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆழ்கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது இரும்பு வடம் அறுந்து என் வலது காலில் அடித்தது. முட்டுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடும்வரை அந்தக் காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

விடியுமுன்னே உங்கள் அம்மா குளச்சலுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, வேன் பிடித்துக் குழித்துறைச் சந்தைக்குப் போய்விடுவாள். பிறகு நீங்களும் போய்விடுவீர்கள். என் கூட்டாளிகள் எல்லாரும் கடலில். நம்ம தெருவில் பகலில் ஆம்பிளைக் குரலே கேட்காது. ஃபேன் சுற்றுகிற சத்தமும், தூரத்தில் அலைச் சத்தமும்தான். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், என் கட்டிலில் இருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டிதான் தெரியும்.

காலைப் பூசைக்கு முன்னே, அன்றைய பூசை யாருக்காக என்று, சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் மைக்கில் சொல்லுவார் அல்லவா? இறந்தவர்கள், பிறகு நோயாளிகள், கடைசியில் நன்றி சொல்லுகிறவர்கள். கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் அது ஊர் முழுக்கக் கேட்கும். நோயாளிகளில் என் பேரை, என் அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லுவார். ஊரில் அதே பேரில் வேறு ஆட்களும் உண்டே. படுத்தபடியே அதைக் கேட்பேன். என்னை ஆட்கள் மறக்கவில்லை என்று அன்றைய பகலுக்கு அது போதும்.

புதன்கிழமை மத்தியானம் நம்ம தெரு அன்பியச் செபக்கூட்டத்துப் பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லுவார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருத்தி, புருசனைக் கடலில் பறிகொடுத்தவள், என் கால்கட்டின்மேல் கையை வைத்தபடியே கடைசிவரை இருப்பாள். முடிந்ததும், "ஏலே, மாதாகிட்ட நான் உறுதி சொல்லிருக்கேன் கேட்டியா? கடலுக்குப் போய் மொத வாற நெய்மீன் எனக்கு. தலைய மட்டும் தந்து ஏமாத்தப்பிடாது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் புதன்கிழமையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கக்கத்தில் ஊன்றுகம்புகளை வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். கதவைத் திறக்கையில் இரண்டு கம்பும் நழுவி வீட்டுக்குள்ளே விழுந்துவிட்டன. குனிய முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். வேட்டி மறைத்ததால் தெருவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா நிற்பதுபோலத்தான் இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அந்த அக்கா வந்தாள். என்னைக் கண்டதும் தலையில் இருந்த பானையை இறக்கி வைத்துவிட்டு, "எழும்பிட்டியா மக்கா! என் மாதாவே!" என்று அழுதாள். நான் வாய் திறப்பதற்குள் கோயிலைப் பார்த்து ஓடிவிட்டாள். அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து கம்பை எடுத்துத் தரும்வரை நான் அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலையில் நோயாளிகளில் என் பேர் வரவில்லை. நன்றியில் வந்தது. பூரண சுகம் பெற்றதற்காக என்று உபதேசியார் சொன்னார். காசு கொடுத்துச் சொல்லச் சொன்னது அந்த அக்காதான்.

நம்ம ஊரில் நன்றி சொல்லிவிட்டால் அந்தக் காரியம் முடிந்தது என்று அர்த்தம். புதன்கிழமைக்காரர்கள் வேறொரு வீட்டுக்குப் போனார்கள். அங்கே சின்னப் பிள்ளைக்கு மஞ்சள்காமாலை, அவர்கள் போனதில் குற்றமே இல்லை. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக, எப்போது கடலுக்கு என்று கேட்டுவிட்டு நடந்தார்கள். உள்ளே வந்து உட்கார யாருமில்லை. இல்லை, எனக்கு இன்னும் வலிக்கிறது என்று எப்படிச் சொல்ல? கடவுள் கொடுத்ததை இல்லையென்று சொல்லுகிறான், விசுவாசம் இல்லாதவன் என்று நினைப்பார்களே. அந்த அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சொல்லிவிடுங்கள் என்று உங்கள் அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் ஆள் வந்தால் கம்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கவும் பழகிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் போட்டு, நான் வேலைக்குப் போகிற விசைப்படகு, கரைக்கு வந்தது. சிராங்கு நேரே வீட்டுக்கு வந்தார். போட்டை ஓட்டுகிறவர் அவர்தான். நான் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"கொள்ளாமே, நல்லா இருக்கியே! கோயில்ல சொன்னாவ. உனக்க எடத்துக்கு நான் ஆள் வைக்கல டே. ஞாயிறு கழிஞ்சு போட்டு கடலுக்கு எறக்கம். வாறியா?"

வாறேன் என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது மக்களே. ஆடுகிற போட்டில் அந்தக் காலை ஊன்றினால் உள்ளே வைத்த கம்பியே வளைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். போகாவிட்டால் இடம் போகும். நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன். அவர் போனபிறகு, சொல்லாத ஒரு வார்த்தைக்காகக் காலையே இழக்கப் பார்த்தேனே என்று பயம் பிடித்தது.

மறுநாள் காலைப் பூசைக்கு நானே போனேன். கம்பு மணலில் புதையப் புதைய, பூசை தொடங்கியபிறகுதான் போய்ச் சேர்ந்தேன். கடைசி வரிசையில் நின்றேன். மன்றாட்டு நேரத்தில், சொந்த மன்றாட்டு இருந்தால் சொல்லலாம் என்று சாமியார் வழக்கம்போலச் சொன்னார். பெண்கள்தான் சொல்லுவார்கள். ஆம்பிளைகள் சொல்லி நான் கேட்டதில்லை.

"எனக்கு இன்னும் சொகமாவல. காலு ஊன்ன முடியல. எனக்காக வேண்டிக்கிடுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சாமியார், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்ற பதிலைத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

பூசை முடிந்து வெளியே அந்த அக்கா என் முன்னே வந்து நின்றாள்.

"அப்ப அன்னைக்கு நான் கண்டது?"

"கம்பு கீழ விழுந்துட்டுக்கா. எடுக்க முடியாமதான் நின்னேன்."

"எங்கிட்ட சொல்லப்பிடாதா மக்கா?"

"நீங்க சந்தோசமா ஓடுனிய."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்காக அழுதாளா, அவளுடைய வெட்கத்துக்காகவா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சிராங்கிடம் வரவில்லை என்று சொன்னேன். கோபப்படவில்லை. வேறு ஆளை ஏற்றிக்கொண்டார். கால் பிறகு பைய கூடியது. கூடி முடிய ரொம்ப நாள் பிடித்தது. உங்களுக்குத் தெரிந்த இந்த நொண்டல் மிஞ்சியது. டாக்டர் செய்ததும் உண்டு, கடவுள் செய்ததும் உண்டு என்று நான் நம்புகிறேன். உங்களுக்கு நோவு வந்தால் அவரிடமும் ஆட்களிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நல்லாயிருக்கேன் என்று நடிக்கிறவனுக்காக யார் வேண்டுவார்?

போட்டு கடலுக்கு இறங்கிய அன்று அம்மா சந்தையில், நீங்கள் பள்ளிக்கூடத்தில். எஞ்சின் சத்தம் கேட்டது. எங்கள் போட்டின் சத்தத்தை எத்தனை போட்டுக்கு நடுவிலும் எனக்குத் தெரியும். அது குறைந்து, குறைந்து, இல்லாமல் ஆகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு செபமாலையைக் கையில் எடுத்தேன். ஒரு மணிகூட உருட்டத் தோன்றவில்லை. வலிக்குது ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, நீங்கள் வரும்வரை கட்டிலில் இருந்தேன்.