தாம்பூலப் பையில் கடைசி அத்தியாயம்

தமிழில் விஞ்ஞானக் கதை என்றாலே அவர் பெயரைத்தான் சொல்வார்கள். தென்காசியில் அவர் தெருக்காரர்களுக்கு மட்டும் அவர் ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார். பன்னிரண்டு வருடமாக அவர் கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவள் நான். என் விரல் போகாத கிரகம் கிடையாது.

ஒரே பிரதிதான் எழுதுவார். ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார். போன வருடம் புது நாவலை முடிக்கும்போது அவருக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று மதியம் கேட்டால் முழிப்பார். கடைசி அத்தியாயத்தைத் தந்தபோது, "பத்திரம்மா. இன்னொரு தடவ எழுதச் சொன்னா எனக்கு வராது" என்றார்.

அன்று ஆனி முகூர்த்தம். வாங்கிய கையோடு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்திக்குக் காத்திருக்கும்போதே படித்தும் விட்டேன். வேறு கிரகத்திலிருந்து அறுபது வருடம் கழித்துத் திரும்பும் ஒருவன், தன் தெருவிலேயே தன் வீடு எதுவென்று தெரியாமல் நிற்கிறான். கதை அங்கேயே முடிகிறது. என்ன கற்பனை என்று வியந்தேன், அவ்வளவுதான். சாரல் விழுந்ததால் தாள்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தாம்பூலப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

எங்கள் பக்கம் சீசனில் கல்யாணம் என்றால், பந்தி முடிந்ததும் பாதிப் பேர் குற்றாலத்துக்குக் குளிக்க வண்டி ஏறிவிடுவார்கள். நானும் ஏறினேன். வேன் சீட்டில் ஒரே மாதிரி மஞ்சள் பைகள் குவிந்து கிடந்தன. திரும்பி வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

வீட்டில் பையைக் கவிழ்த்தால் தேங்காய், வெற்றிலை, இரண்டு வாழைப்பழம். அவரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? கல்யாண வீட்டு வாட்ஸப் குரூப்பில், ஆபீஸ் பேப்பர் மாறிப்போச்சு என்று கெஞ்சிப் பேசி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திருவேங்கடத்திலிருந்து பதில் வந்தது. பொண்ணுக்குச் சித்தி, போலீசில் ஏட்டு. பேப்பர் என்னிடம்தான் இருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். என் வயிற்றில் பால் வார்த்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் தேங்காயைச் சுமந்துகொண்டு போனேன். டியூட்டிக்குக் கிளம்பி நின்றாள். அவள் நீட்டிய தாள்களில் ஒரு பக்கம்கூடக் கலையவில்லை.

"ஏன்க்கா, அந்தக் கதையில தெருவுல அத்தன பேரு இருக்காங்கள்லா. ஒருத்தர் கையப் பிடிச்சு வீட்ல விட்டா என்ன? எங்க ஸ்டேஷனுக்கும் இப்படி வயசானவங்க வருதாங்க. நாங்க கொண்டுபோயி விடுதோம்."

பஸ்ஸில் திரும்பும்போது அழுதுவிட்டேன். அவர் எழுதியது எந்தக் கிரகத்துக்காரனையும் இல்லை. பன்னிரண்டு வருடம் அடித்தும் என் மண்டையில் ஏறாதது, பையில் வாழைப்பழம் தேடியவளுக்கு ஏறியிருக்கிறது.

அவரிடம் எதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ அந்த ஏட்டு சொன்னதை மட்டும் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தார். 'காக்கிச் சேலைக்காரி ஒருத்தி, வாங்க, உங்க வீடு இதுதான் என்று அவன் கையைப் பிடித்தாள்.'

தாள்களை என்னிடம் நீட்டும்போது, "நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கோம்மா" என்றார்.