அத்தான் அனுப்பிய கடைசி டெலக்ஸ்

அந்தப் பழுப்பு உறை மூன்று நாட்களாகச் சாப்பாட்டு மேஜை மேலேயே கிடந்தது. அரசு அலுவலகம் ஒன்றில் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேரும்படி அத்தானுக்கு வந்த உத்தரவு அது. எண்பதுகளின் நடுவில், தில்லி கரோல்பாக்கில் அக்கா வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தான் கன்னாட் பிளேஸில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் அதே வேலையைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவந்தார். அவர் இங்கே தட்டுகிற செய்தியைக் கடல் தாண்டி இன்னோர் இயந்திரம் காகிதத்தில் அடித்துக் கொடுக்கும்.

நான்காம் நாள் மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "முதலாளி விடமாட்டேங்காரு. நீ போனா கம்பெனிக்கு வாயே இல்லங்காரு. ரெண்டு வருஷத்துல மேனேஜர் ஆக்குறேன்னு கையப் பிடிச்சுச் சொன்னாரு."

"எழுதிக் குடுத்தாரா?" என்றாள் அக்கா.

"அவர் வாக்கு போதும்ளா."

வேலை வேண்டாமென்று அவர் எழுதிய கடிதத்தை, புசா ரோடு தபால்பெட்டியில் போட்டவன் நான்தான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வேலை விண்ணப்பம் ஒன்றைத் தட்டச்சு செய்து வாங்க அவர் அலுவலகம் போயிருந்தேன். முதலாளியின் மருமகன் மேஜையில் புதிதாக ஒரு ஃபேக்ஸ் இயந்திரம் இருந்தது. முதலாளி ஒரு தாளை நீட்டி, "எல்லாருக்கும் அனுப்பிடு, ஜல்தி" என்று இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த மாதம் முதல் எங்களுக்கு டெலக்ஸ் கிடையாது, இந்த எண்ணுக்கு ஃபேக்ஸ் அனுப்பவும் என்றிருந்தது. கீழே மேனேஜர் என்று மருமகன் பெயர்.

அத்தான் இரண்டு முறை படித்தார். எழுந்து போய்ச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். கடைசியாக ஜெர்மனியின் ஹாம்பர்க். அங்கிருந்த ஆபரேட்டரும் அவரும் முகம் பார்த்ததில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து மட்டும் தவறியதில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததும் இயந்திரம் மறுபடி சடசடத்தது: "அப்படியானால் உங்கள் வேலை?"

அத்தான் விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

"என்ன மாப்ள சொல்லட்டும்?"

"எனக்குப் பதவி உயர்வு" என்று அடித்தார். உடனே வாழ்த்து வந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதலாளியின் அறைக் கதவை மெல்லத் தள்ளி, "ஹோ கயா, சாப்" என்றார், முடிந்துவிட்டது ஐயா என்று.

அடுத்த மாதமே தபால் உறைகளுக்கு முகவரி எழுத உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை எழுதினார். முதலாளியை நான் மன்னிக்கவில்லை. அன்று அந்தக் கதவைத் தள்ளியபோது அத்தான் குரலில் இருந்த பணிவைத்தான் இன்றும் தாங்க முடியவில்லை.