ரோஜாவுக்கு மொட்டை போட்ட கதை

எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு விட்டுப்போயிற்று. எந்த இடத்தில் ள, எந்த இடத்தில் ழ என்று இன்றைக்கும் குழப்பம். மறதியும் சேர்ந்துகொண்டது. ரோஜாச் செடி வளர்ப்பதைப் பற்றிக் கேட்டார்கள், எனக்கு நினைவு இருக்கிற மட்டும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் பாப்பாரப்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையைக் குனிந்துகொள்வேன். அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனாருக்கு அது வசதியாகப் போயிற்று. அண்ணன் பெண்டாட்டியை 'அண்ணி' என்பதுதானே முறை? ஆனால் நான் வயதில் அவரைவிடச் சின்னவள். "இந்தக் கொசுவை நான் அண்ணின்னு கூப்புடணுமா?" என்று சிரிப்பார். எப்போதும் 'ஏ புள்ள'தான். 'அண்ணி' என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

மாமியார் வைத்த பன்னீர் ரோஜா ஒன்று கிணற்றடியில் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் குச்சி குச்சியாகப் போய், உச்சியில் எப்போதாவது ஒரு பூ பூக்கும். அதைக் கிட்டத்தில் பார்த்தது காக்கை மட்டும்தான்.

நாத்தனார் மகனுக்கு மொட்டை போட எல்லோரும் தீர்த்தமலைக்குப் போனார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டுமே, என் வீட்டுக்காரரும் போய்விட்டார். மாட்டைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் வீட்டில். அரிவாளைத் தீட்டினேன். காய்ந்த குச்சி, நோஞ்சான் குச்சி, ஒன்றோடொன்று உரசுகிற குச்சி எல்லாவற்றையும் அடியோடு எடுத்தேன். பென்சிலைவிடத் தடியானதை மட்டும் முழங்கால் உயரத்துக்கு நிறுத்தி, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினேன். வெட்டுவாயில் தண்ணீர் இறங்காமல் பச்சைச் சாணியை அப்பினேன்.

மறுநாள் வந்தார்கள். பையன் தலையில் சந்தனம், செடி தலையில் சாணி. மாமியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, மொட்டை போட நாங்க தீர்த்தமலைக்குப் போனா, நீ வூட்லயே ஒண்ணு போட்டு வச்சிருக்க?"

"வெட்டுனாத்தாங்க அத்தே பூக்கும்."

"எந்த வாத்தியாரு சொன்னாரு?"

பொய் சொல்ல வரவில்லை. "எங்கூட்டு வெள்ளாடுங்க" என்றேன்.

உண்மைதான். இண்டூரில் என் அம்மா வீட்டு ரோஜாவை ஆடு ஒருமுறை அடிவரைக்கும் மேய்ந்துவிட்டது. அம்மா அதைத் திட்டி ஓய்வதற்குள் செடி இலை தெரியாமல் பூத்து நின்றது. ஆடு பல்லால் செய்ததை நான் அரிவாளால் செய்தேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாத்தனார் பொத்தவில்லை. அன்றிலிருந்து 'ஏ புள்ள'யும் போயிற்று. என்னைக் கண்டால் "ம்மே" என்பார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் எனக்கே தெரியாமல் வாய் திறந்துவிட்டது. "செடி பூத்துட்டா என்னை அண்ணின்னு கூப்புடுவீங்களா?"

கொசு பேசியதில் அவரே அசந்துவிட்டார். "எம் பையன் தலையில சீப்பு நிக்கறதுக்குள்ள பூத்துட்டாக் கூப்புடறேன். இல்லாட்டி செடி அடுப்புக்கு. நீ ஆயுசுக்கும் ஆட்டுக்குட்டி."

"அந்த மொட்டையில முடியா, இந்த மொட்டையில மொட்டா, பாத்துப்புடலாம்" என்றார் மாமியார்.

நாத்தனார் தன் பையன் தலையில் விளக்கெண்ணெயைத் தேய்த்தார். நான் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, புளித்த தண்ணீரை வேர்மேல் நேராகக் கொட்டாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாக ஊற்றினேன். வந்தவர்கள் எது நாறுகிறது என்று தெரியாமல் மூக்கைப் பிடித்தார்கள். துளிர் சிவப்பாக வந்தது. கூடவே அதில் செடிப்பேனும் அடைந்தது.

"முடி வர்றதுக்கு முந்தியே பேன் வந்த மொட்டையை இங்கதான் பாக்கறேன்!" என்று நாத்தனார் தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

நான் காலையில் தண்ணீரை விசிறி அடித்துக் கழுவினேன், அடுப்புச் சாம்பலைத் தூவினேன். பேன் போயிற்று, மொட்டு வைத்தது.

தினமும் பையனைக் கிணற்றடியில் நிறுத்தி நாத்தனார் சீப்பைச் செருகுவார். அது நழுவி விழும். ஒரு நாள் கொஞ்சம் நின்று விழுந்தது. அன்று என் மொட்டும் கொஞ்சம்தான் வாய் திறந்திருந்தது.

மறுநாள் விடிந்து பார்த்தால் கொத்துக் கொத்தாக விரிந்து கிணற்றடியே மணத்தது. நாத்தனார் வந்தார். பையன் பழக்கத்தில் தலையைக் குனிந்து நின்றான். சீப்பை எடுத்தவர் செருகவே இல்லை. செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னீர் ரோஜா என்றால் அவருக்கு உயிர்.

"ஏ புள்ள, ஒரு பூ குடேன்."

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். காது கேட்கவில்லை.

"ம்மே..."

மாடுதான் திரும்பிப் பார்த்தது.

நாத்தனார் சீப்பை இடுப்பில் செருகினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணி, ஒரு பூ குடுங்க" என்றார்.

'ங்க'வும் சேர்த்து! பெரிய பூவாக இரண்டு பறித்துக் கொடுத்தேன்.

"அம்மாகிட்டச் சொல்லிப்புடாத" என்றார் மெதுவாக.

"கேட்டுது, கேட்டுது" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

தோட்ட வேலை தெரிந்தவர்கள் யாராவது இதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நான் வெட்டியது ஐப்பசியா கார்த்திகையா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. அடைமழையில் வெட்டினால் குச்சி நுனியிலிருந்து கருகி இறங்கும் என்பார்கள். என் பேச்சை நம்பி யாரும் செடியை அடுப்புக்கு அனுப்பிவிடக் கூடாது.