மேசைக்குக் கீழே ஆமை ஓடு

யுத்தம் முடிந்த சில வருடங்களில், சீருடைக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதன் அர்த்தம் மாறிப்போனது. முன்பு வந்தவர்கள் அடையாள அட்டை கேட்டார்கள். இப்போது வனசீவராசி அதிகாரி ஒருவர் கடலாமை பற்றிப் பாடம் எடுக்க வருகிறாராம். ஜீப் புத்தளத்தில் இருந்து புறப்பட்டுவிட்டது என்று அதிபர் வந்து சொன்னதும் வகுப்பே மகிழ்ந்தது. நான் மட்டும் கரும்பலகைக்கு மேலே பார்த்தேன்.

அங்கே ஓர் ஆமை ஓடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆசிரியர் தினத்துக்கு மற்ற ஊர்களில் பேனை கொடுப்பார்கள், கைக்குட்டை கொடுப்பார்கள். முந்தல் ஊருக்கு மேற்கே எங்கள் கரையில் கடல் தந்ததைக் கொடுப்பார்கள்: கருவாடு, நண்டு. அந்த வருடம் ஒரு மாணவியின் தகப்பன் ஓட்டைக் கழுவி, வார்னிஷ் பூசிக் கொண்டுவந்தார். ஆணியடித்து மாட்டியவன் நான். விஞ்ஞான ஆசிரியன். ஆமை பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்று அதே ஓட்டின் கீழ் நின்று படிப்பித்தவன்.

ஓட்டை வைத்திருப்பதே குற்றம். என் வேலை போனால் கட்டுரை எழுதிப் பிழைப்பேன், அதாவது பட்டினி கிடப்பேன். ஓட்டைத் தந்த மனிதர் வழக்கென்று அலைந்தால் அவருடைய தோணி கரையிலேயே கிடக்கும். வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை.

அலுமாரிக்குள் அது போகவில்லை. மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, அதன் முன்னால் கால்களை அகட்டி உட்கார்ந்தேன். என் உடம்பின் அகலம் முதன்முறையாக ஒரு பயனுக்கு வந்தது.

அதிகாரி சிங்களவர். தமிழ் சரளமாகக் கதைத்தார், பிள்ளைகளைச் சிரிக்கவைத்தார். பிறகு கேட்டார், பெரிய ஆமையின் ஓடு எவ்வளவு பெரிது, யாருக்காவது தெரியுமா என்று.

வகுப்பு முழுவதும் திரும்பி என் மேசையைப் பார்த்தது. பின்வரிசையில் ஒருத்தி எனக்கு உதவி செய்ய எழுந்தாள்.

"சேர்ட காலுக்குப் பின்னால இருக்கு. காட்டச் சொல்லுங்க."

முன்வரிசையில் அந்த மீனவரின் மகள் புத்தகத்துக்குள் முகத்தை இறக்கினாள்.

எழுந்து விலகினேன். அதிகாரி குனிந்து ஓட்டை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஓரத்தில், வார்னிஷுக்கு அடியில், ஆழமான வெட்டுகள். கறிக்கு வெட்டிய கத்தியின் அடையாளம் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதனால்தான் தகப்பனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"இது இஞ்சின் படகுட விசிறி வெட்டினது," என்றார் பிள்ளைகளிடம். "செத்துக் கரைக்கு வந்திருக்கும்."

மகள் நிமிர்ந்தாள். "ஓம் சேர், கரையிலதான் கிடந்தது. சரியான நாத்தம்."

வகுப்பு சிரித்தது. யார் கொடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. என் பக்கம் குனிந்து மட்டும் சொன்னார்: "செத்ததெண்டாலும் வச்சிருக்க ஏலாது சேர். நாங்க கொண்டுபோறோம். மத்த ஸ்கூல்ல காட்டலாம்."

நான் தலையாட்டிய வேகத்தில் கண்ணாடி கழன்று விழுந்தது. ஜீப் போன பிறகுதான் கால்களைச் சேர்த்து உட்கார்ந்தேன்.

அடுத்த ஆசிரியர் தினத்துக்கு அந்தத் தகப்பன் மூடிய கூடையோடு வந்தார். நான் கையை நீட்டவில்லை.

"பயப்படாதீங்க சேர், வீட்டுச் சேவல்," என்றார். "இதுக்குக் கேஸ் இல்ல."

உள்ளே இருந்தது கூவும்வரை நான் மூடியைத் தொடவில்லை.