மாமாவின் மணிக்கட்டுச் சிலுவை

இந்தத் தவக்காலத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் மூன்று பேரின் கையில் பச்சை குத்திய சிலுவை இருக்கிறது. ஒருத்தியின் சிலுவையைச் சுற்றி ரோசாப்பூவும் உண்டு. பங்குச் சுவாமி அதைப் பார்த்து, வடிவாக இருக்கிறது என்றார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஊர்காவற்றுறையில், புளியங்கொட்டை அளவான ஒரு சிலுவை எங்கள் வீட்டை ஐந்து கிழமை பயத்தில் வைத்திருந்தது.

அது மாமாவின் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் இருந்தது. அம்மாவின் தம்பியான அவர் வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலை செய்துவிட்டு, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு நான்கு நாள் முன்பு ஊர் திரும்பினார். அங்கே காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் பெரிய வெள்ளி நாடகத்தில் யேசுவாக நடிப்பதாக நேர்ந்திருந்தார். நாடகம் பழக்கும் அண்ணாவியாரும் அந்தப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டார். சிலுவையை மணிக்கூட்டுப் பட்டி மறைத்ததால் ஊரில் ஒருவரும் அதைக் காணவில்லை.

தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு பிரசங்கத்தில் அந்நாள் பங்குச் சுவாமி, பச்சை குத்துவதை வேதம் தடுத்திருக்கிறது, அது அஞ்ஞானிகளின் வழக்கம் என்றார். யேசுவாக நடிப்பவரின் உடம்பில் ஒரு குறியும் இருக்கக் கூடாது என்றும் சொன்னார். மாமா வீட்டுக்கு வந்து மணிக்கூட்டைக் கழற்றி வைத்தார்.

“என்னோடை வேலை செய்த எகிப்துக்காரன், அவனும் வேதக்காரன், கூட்டிக்கொண்டு போய்க் குத்துவிச்சது, அக்கா. அவங்கள் கைக்குழந்தைக்கே குத்துறாங்கள். அங்கை இது இல்லாட்டி வேதக்காரன் எண்டு நம்பமாட்டாங்கள். இங்கை இது இருந்தா நான் வேதக்காரனில்லையாம்.”

“நேர்த்தியை விட ஏலாது. யேசுவுக்கு மணிக்கூடு கட்டவும் ஏலாது,” என்ற அம்மா, பழைய வேட்டியைக் கிழித்து மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “ஆர் கேட்டாலும் சுடுகஞ்சி ஊத்துப்பட்டது எண்டு சொல்லு,” என்றார்.

கட்டுப் போட்ட நான்காம் கிழமை, ஒத்திகையில் அண்ணாவியார் என்னிடம்தான் கேட்டார். சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன்.

“நாலு கிழமையா ஆறாத கஞ்சியோ, பிள்ளை? எந்த அடுப்பிலை காய்ச்சினவை?”

பக்கத்தில் நின்ற யூதாசும் இரண்டு சேவகர்களும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். செய்த பாவங்களை ஒழுங்காக எண்ணி மனப்பாடம் செய்திருந்தேன். ஐந்தாவது, பொய் சொன்னது. என்ன பொய் என்று சுவாமி கம்பித் தட்டிக்கு அப்பாலிருந்து கேட்டார். அரைகுறையாகச் சொன்னால் மன்னிப்புக் கிடைக்காது என்று மறைக்கல்வி சிஸ்டர் படிப்பித்திருந்ததால் துணி, கஞ்சி, எகிப்துக்காரன், சிலுவை, நேர்த்தி எல்லாவற்றையும் சொன்னேன்.  சுவாமி பரிகாரமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லும்படி கூறி அனுப்பினார்.

முழங்காலில் இருந்து மூன்றாவது மந்திரத்தை முடித்தபோதுதான் மாமாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பது உறைத்தது. அடுத்த நான்கு நாளும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் சுவாமிதான் வருகிறார் என்று குசினி அடுப்படிக்குள் ஓடினேன். மாமா ஒருநேரச் சாப்பாட்டோடு, வசனம் சொல்லிக்கொண்டு திரிந்தார். 

பெரிய புதன் பின்னேரம் கடைசி ஒத்திகை. சுவாமி முன்வரிசைக் கதிரையில் இருந்தார். அண்ணாவியார் மாமாவின் முழங்கையைப் பிடித்து அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“சுவாமி, ஊரிலை ஒவ்வொரு கதை கதைக்கினம். இந்தக் கட்டை அவிட்டுப் பாத்து ஒரு முடிவு சொல்லுங்கோ.”

மாமா கையை நீட்டினார்.  நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். சுவாமி அந்தத் துணி முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

“என்னெண்டு சொல்லுறார்?” என்று அண்ணாவியாரைக் கேட்டார்.

“கஞ்சி ஊத்துப்பட்டதாம்.”

“அப்ப அவர் சொன்னதுதான். காயமெண்டு சொல்லுற ஆளின்ரை கட்டை நான் அவிட்டுப் பாக்கிறேல்லை. ஒத்திகையைத் தொடங்குங்கோ.”

அண்ணாவியார் முணுமுணுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். பெரிய வெள்ளியன்று மாமா துணிக்கு மேலாகக் கயிறு கட்டி, மூன்று மணித்தியாலம் சிலுவையில் நின்றார். அம்மா அழுதுகொண்டே இருந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியே சொல்லவும் கூடாது, அதை வைத்து ஒன்றும் செய்யவும் கூடாது என்ற பாடம் எங்கள் மறைக்கல்வியில் இன்னும் இரண்டு வகுப்புக்கு அப்பால் இருந்தது. சுவாமிக்கு நான் சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்றே முடிவு செய்தேன். கேட்காத பாவம் மன்னிக்கப்பட்டிருக்காதே. அதனால் பெரிய சனிக்கிழமை மறுபடியும் போய் முழங்காலில் இருந்து, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, அதே கதையை முதலிலிருந்து உரத்துத் தொடங்கினேன்.

“மெல்ல, பிள்ளை, மெல்ல,” என்றார் சுவாமி. “போன கிழமையே வடிவாக் கேட்டது.”