அஞ்சலையின் தென்னைக்கு வயது என்ன?

பூச்சி மருந்து அடிக்கிற உத்தியோகத்தில் ஒரே ஒரு சௌகரியம், பூச்சிகள் மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போடுவதில்லை. அந்த வேலையைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சியும் எலுமிச்சையில் புழுவுமாக அல்லாடும் வாசகர்களே, நானும் உங்கள் கட்சிதான். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு விவசாய டிப்போவில் பீல்ட்மேனாக இருந்து, முதுகில் தெளிப்பானைச் சுமந்தபடி பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன். நில உச்சவரம்பு, குடியிருப்பு மனைப் பட்டா என்று ஊரே காகிதத்துக்கு அலைந்துகொண்டிருந்த காலம் அது.

பாதி முருங்கை

வாத்தியார் வீட்டு முருங்கையில் பட்டை தெரியாமல் கம்பளிப்பூச்சி அப்பியிருந்தது. மரத்தில் பாதி மதில் தாண்டிப் பங்காளி வீட்டுக்குள் சாய்ந்திருக்கும். வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டு மருந்து போகாமல் வாத்தியார் கூடவே நின்று மேற்பார்வை பார்த்தார். பூச்சிக்கு வரப்பு தெரியுமா? மருந்து நெடி தாங்காமல் பாதிக்கு மேல் கிளை வழியாக அந்தப் பக்கம் இறங்கிவிட்டன.

மறுநாள் காலை பங்காளி டிப்போவுக்கே வந்துவிட்டார். கை, கழுத்தெல்லாம் தடிப்பு. மருந்து கேட்பார் என்று பார்த்தால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"மருந்து அப்பறம் அடிச்சுக்கலாம் சார். இது தானா வந்த பூச்சியா, அனுப்பி வச்ச பூச்சியா, அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பழைய தோப்பு

அந்த ஊர் மிராசுதார், ஆட்சி மாறிய கையோடு வாசலில் கொடியையும் மாற்றிக் கட்டிய சாமர்த்தியசாலி. சட்டத்துக்கு முன்பே இருந்த தோப்பு என்றால் உச்சவரம்புக் கணக்கில் வராது என்று எந்த வக்கீலோ காதில் போட்டுவிட்டார். உடனே ஒரு வேலி, அதாவது ஆறேழு ஏக்கர், நஞ்சையில் நெல்லை நிறுத்திவிட்டுத் தென்னங்கன்றாக நட்டுத் தள்ளினார். அதில் பாதிக்குக் குருத்திலே வண்டு. அதிகாரிகள் பார்வையிட வருவதற்குள் கன்று பட்டுப்போனால் தோப்பு மறுபடி வயலாகிவிடும் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எல்லாம் இடுப்புயரம். நான் பதிவேட்டைத் திறந்து, "தென்னங்கன்று, வயது ஒன்று" என்று எழுதப் போனேன். மிராசுதாரின் காரியஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி எழுதிடாதீங்க. மரம்தாங்க சின்னது. தோப்பு பழசு."

சம்பளம் வாங்காத வண்டு

அந்தத் 'தோப்பு' ஓரத்தில், பண்ணையாட்கள் தெருவில்தான் அஞ்சலையின் குடிசை. மிராசுதார் பண்ணையில் நடவு, களை, அறுப்பு எல்லாம் பார்க்கிறவள். பல வருஷமாகக் குடியிருப்பவள் என்பதால், புதுச் சட்டப்படி குடிசை நிற்கும் மனை அவள் பெயருக்கு வர வேண்டும். ஒரு வருஷத்துக்கு முன்பு அந்த இடம் வெறும் பொட்டல், செடி கொடி கூடக் கிடையாது என்று மிராசுதார் தரப்பு மனு எழுதிக் கொடுத்துவிட்டது. அவளிடம் ரசீது, சீட்டு எதுவும் இல்லை. மூத்த பெண் பிறந்த வருஷம் வாசலில் வைத்த ஒரு தென்னைதான் அத்தாட்சி. அதிலும் வண்டு விழுந்து, மட்டையெல்லாம் கத்தரித்த மாதிரி வந்துகொண்டிருந்தது. பட்ட மரம் யார் தலையிலாவது விழும், வேரோடு எடுத்துவிட வேண்டும் என்று காரியஸ்தர் இப்போதே பேச ஆரம்பித்திருந்தார்.

ஏணி வைத்து ஏறி, கம்பிக் கொக்கியால் குருத்தைக் குடைந்து இரண்டு வண்டுகளை இழுத்துப் போட்டேன். மட்டை இடுக்கில் மருந்துத் தூளும் மணலும் கலந்து வைத்தேன். அடுத்த வாரம் போனால் இன்னும் இரண்டு. அதற்கடுத்த வாரம் மூன்று. எனக்கே வெட்கமாகிவிட்டது. கீழே நின்ற அஞ்சலை நிமிர்ந்து கேட்டாள்.

"எடுக்க எடுக்க வருதே சார், இதுங்களுக்கும் பண்ணையிலதான் சம்பளமா?"

எருக்குழி மகிமை

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வண்டு புழுவாகக் கிடந்து வளர்வது எருக்குழியில். மிராசுதாரின் எருக்குழி கூப்பிடு தூரத்தில், வருஷக்கணக்கில் கிளறாமல் குன்றாகக் கிடந்தது. கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும் என்று போய்ச் சொன்னேன். "அந்தப் பொம்பளை மரத்துக்காக நான் எருவைக் கிளறணுமா?" என்று சாய்வு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அவங்க மரம் கெடக்கட்டுங்க. உங்க பழைய தோப்புல்ல போயிடும் போலிருக்கு" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே பத்து ஆள் இறங்கியது. அஞ்சலையும் கூலிக்கு வந்தாள். அன்றைக்கு அவள் வேலை செய்த மாதிரி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. கட்டை விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் கூடை கூடையாக வந்தன. ஊர்க் கோழிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. பார்த்துக்கொண்டிருந்த மிராசுதாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா, நம்ம எருவுல புழு கூட எவ்வளவு புஷ்டியா இருக்கு!"

வளையம் எண்ணியது

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தபோது அஞ்சலையின் தென்னையில் இரண்டு மட்டை முழுசாக விரிந்திருந்தது. மனுவில் பொட்டல் என்று எழுதியாகிவிட்டதே, காரியஸ்தர் என்ன செய்வார்? மரமும் போன வருஷம் வைத்ததுதான் என்று சாதித்தார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, வயது சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியும். தென்னையில் மட்டை விழுந்த தழும்பு வளையம் வளையமாக நிற்கும், வருஷத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மிராசுதார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பயந்துதான் போனேன், எதற்கு மறைக்க வேண்டும்? வீட்டில் மனைவிக்கு எட்டு மாதம், அந்த நேரத்தில் எந்த ஊருக்குத் தூக்கியடிப்பாரோ!

இருந்தாலும் கீழே நின்ற அஞ்சலையின் முகத்தைப் பார்த்த பிறகு மழுப்ப மனசு வரவில்லை. சாக்கட்டியோடு ஏணியில் ஏறினேன். பத்து வளையத்துக்கு ஒரு கோடு. தெருவே சேர்ந்து சத்தமாக எண்ணியது. நாற்பது வரும்போது காரியஸ்தர் வேண்டுமென்றே "முப்பத்தஞ்சு" என்று கத்திக் குழப்பினார். இறங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நூற்று முப்பத்திரண்டு. அடிமரம் எழும்பவே ஆகும் ஐந்து வருஷத்தையும் சேர்த்துப் பதினாறு என்றேன். "இது சீக்கிரம் வளர்ற ரகமுங்க" என்றார் காரியஸ்தர், கடைசி முயற்சியாக. இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பி, இடுப்புயரக் கன்றுகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பழைய தோப்பு மெதுவா வளர்ற ரகமா?"

பஸ் ஸ்டாப்பில்

தோப்பு விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அஞ்சலைக்குப் பட்டா வந்தது. அதற்கு முன்பே எனக்குச் சீர்காழிப் பக்கம் மாற்றல் வந்துவிட்டது. காரணம் 'நிர்வாக நலன்' என்று போட்டிருந்தது. யாருடைய நலன் என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாப்புக்கு அஞ்சலை இரண்டு இளநீரோடு வந்தாள். மூன்று வருஷம் தினமும் அவள் தெரு முனையைத் தாண்டித்தான் நான் சைக்கிளில் போய் வந்தேன். அதை அவளும் கவனித்திருக்கிறாள்.

"வண்டு வந்ததும் நல்லதாப் போச்சு சார். அது வரலேன்னா நீங்க எங்க தெருவுக்குள்ள வந்திருப்பீங்களா?"

பூச்சியை ஒழிப்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்த இருபத்தாறு வருஷத்தில் உருப்படியாக ஒரு காரியம் நடந்தது என்றால், என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதைச் செய்ய வைத்தது ஒரு வண்டுதான்.