இரண்டடி பின்னால்

மீன் கடை வரிசையோ டிராம் நிறுத்தமோ, அபனி தலபாத்ரா பக்கத்து ஆளைவிட அரை அடி முன்னால்தான் நிற்பார். முப்பது வருஷமாக இதைப் பார்த்த மனைவி மாலதி, "உங்க அண்ணன் பொண்ணு கல்யாண போட்டோவுல மாப்பிள்ளையவே மறைச்சுட்டீங்களே" என்று சிரிப்பாள்.

தொழில் அப்படி. அன்றைய கல்கத்தா ஸ்டுடியோவில் கூடத்துக்கு ஒரே மைக். பாடுபவர், வயலின், தபலா, குழல் எல்லாரும் அதைச் சுற்றித்தான். யார் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமென்று ஒலிப்பதிவாளர் லாகிரி பாபு தரையில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். மைக்கை நெருங்க நெருங்க மரியாதை. அபனியின் குழலுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு முழத்தில் குறி.

அந்த வருஷம் துர்கா பூஜைக்கு வெளியாகும் பாட்டில், இசையமைப்பாளர் குழல் பகுதியை ஷிபு கயால் என்பவனிடம் கொடுத்தார். வந்து இரண்டே வருஷம் ஆன பையன். ஒரு முழக் குறி அவனுக்குப் போனது. அபனிக்கு வயலின்களின் முதுகுதான் தெரிந்தது.

டீ குடிக்க எல்லாரும் வெளியே போனபோது அபனி உள்ளங்காலால் ஷிபுவின் குறியை அழித்தார். இரண்டடி பின்னால் புதிதாக ஒன்று போட்டார். சாக்பீஸை இருந்த இடத்திலேயே நிதானமாக வைத்தார். பிற்பாடு அவரை உறுத்தியதும் அந்த நிதானம்தான்.

ஷிபு வந்தான். தரையைப் பார்த்தான், அபனியைப் பார்த்தான், புதுக் குறியில் போய் நின்றான்.

வாசித்துப் பார்த்ததும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து லாகிரி பாபு, "குழல் என்னப்பா, அக்கரையிலேர்ந்து கேக்குது?" என்றார். அபனிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் மறு நொடியே லாகிரி பாபு, "நகராத, அங்கயே நில்லு. படகுக்காரன் பாட்டுதான, பொருத்தமா இருக்கு" என்றார்.

பூஜையில் பந்தலுக்குப் பந்தல் அந்தக் குழல்தான். பிறகு எந்த இசையமைப்பாளர் வந்தாலும், "ஷிபுவத் தள்ளி நிறுத்துங்க" என்பார். ஒரு முழக் குறி அபனிக்கே திரும்பி வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அபனியை அண்ணன் என்ற மரியாதையில் 'அபனிதா' என்றுதான் கூப்பிடுவான் ஷிபு. ஒருநாள் டீக்கடையில் சொன்னான்: "லாகிரி பாபு குறி நேரா இருக்கும். அன்னிக்குக் கோணலா இருந்துச்சு, அபனிதா."

"அப்புறம் ஏன் போய் நின்ன?"

"பெரியவர் போட்ட குறி. தாண்டலாமா?"

"டீ ஆறுது, குடி."

காலம் மாறி ஆளுக்கொரு மைக் வந்தது. தூரத்தையும் ஒரு குமிழைத் திருகியே உண்டாக்கினார்கள். அதற்கு ஸ்டுடியோவில் 'ஷிபு தூரம்' என்று பெயர். அந்தத் தூரத்தை அளந்தது என் கால் என்று அபனி யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் திருட்டையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? வானொலியில் ஷிபு வேறு, "எனக்கு இடம் காட்டினது அபனிதா" என்பான். மாலதி பூரித்துப்போவாள். இவர் எழுந்து வானொலியை அணைப்பார்.

கடைசியாக அபனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஷிபு சந்தேஷ் வாங்கிவந்தான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது. பெட்டியைப் பிரித்து ஒன்றை அவருக்கு ஊட்டிவிட்டு, "ஏதாவது சொல்லணுமா, அபனிதா?" என்று கேட்டான்.

அபனி வாயைத் திறந்தார். ஒரு மூச்சு எடுத்தார்.

"சந்தேஷ்ல இனிப்பு ஜாஸ்தி."

செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். ஷிபுவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்கவேயில்லை.